வீட்டுக் கணினியில் பைதான் மொழி: முதல் ஒரு மணி நேரம்

கணினி இல்லாத வீடு இன்று குறைவு. ஆனால் அந்தக் கணினியில் நடப்பது என்ன? படம் பார்ப்பது, விளையாடுவது, பள்ளி வேலையைத் தட்டச்சு செய்து அச்சிடுவது. யாரோ எழுதி வைத்த கட்டளைகளைப் பயன்படுத்துவதோடு பெரும்பாலோரின் பழக்கம் நின்றுவிடுகிறது. கணினிக்கு நாமே கட்டளை எழுதலாமே என்ற எண்ணம் எழும்போது இரண்டு தயக்கங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. ஒன்று, அது கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்பது. மற்றொன்று, அதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கட்டிப் படிக்க வேண்டும் என்பது.

இரண்டுமே சரியல்ல. கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளை தொடங்கலாம். செலவு ஒரு காசுகூட இல்லை. அப்படியிருந்தும் ஆர்வத்தோடு தொடங்கிய பலர் முதல் நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். காரணம் அறிவுக் குறைவு அல்ல. மொழியைக் கணினியில் நிறுவும்போது வரும் இரண்டு மூன்று சிறிய தடைகள்தான். அவை என்ன என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் முதல் ஒரு மணி நேரத்தைக் கடந்துவிடலாம்.

பள்ளிகளும் இந்தப் பக்கம் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் அடிப்படைக் கணினி அறிவியல் என்ற பாடம் 2017ஆம் ஆண்டு முதலாம் படிவத்திலிருந்து தொடங்கியது. சிங்கப்பூரில் அதே ஆண்டு சாதாரண நிலைத் தேர்வுக்கான கணினிப் பாடம் பைதான் மொழியைக் கொண்டு அறிமுகமானது. ஆகவே வீட்டில் செய்யும் சிறு பயிற்சி பள்ளிப் பாடத்துக்கும் கைகொடுக்கும்.

பைதான் என்றால் என்ன?

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் உருவாக்கத் தொடங்கிய மொழி இது. 1991இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. பைதான் என்றதும் மலைப்பாம்பு நினைவுக்கு வரும். ஆனால் பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல. மோண்டி பைதான் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து வந்தது.

கணினிக்கு மனித மொழி எதுவும் தெரியாது. அதன் உள்ளே ஓடுவது எண்களால் ஆன கட்டளைகள். மனிதர் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி வரிக்கு வரி எடுத்துச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பைதானை நிறுவுவது என்றால் அந்த மொழிபெயர்ப்பாளரை வீட்டுக்கு அழைத்துக் குடிவைப்பதுதான். அவர் வந்துவிட்டால் இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்வார்.

நிறுவும் முறை

முதலில் கணினியில் இருக்கும் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கவலை இல்லை. பழைய விண்டோஸ் 7 என்றால் பைதான் 3.8 வரிசையே அதில் ஓடும், 3.9 முதல் வந்தவை ஓடா. அலமாரியில் கிடக்கும் பழைய கணினியைப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பைதானைப் பதிவிறக்கம் செய்ய வேண்டிய இடம் பைதான் டாட் ஓஆர்ஜி என்ற அதன் சொந்த இணையத்தளம். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரங்களைச் சொடுக்கக் கூடாது. கோப்பின் அளவு சுமார் 30 மெகாபைட்தான். அண்மைக் காலத்தில் நிறுவல் மேலாளர் என்ற வேறொரு வழியும் வந்துள்ளது. தொடங்குபவர்களுக்கு வழக்கமான நிறுவியே எளிது.

நிறுவியைத் திறந்ததும் உடனே நிறுவு என்னும் பெரிய பொத்தான் கண்ணில் படும். அவசரப்பட்டு அதைச் சொடுக்குவதுதான் முதல் தவறு. சாளரத்தின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில், பைதானைப் 'பாத்' பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். அது காலியாக இருக்கும். அதில் முதலில் குறியிட்ட பிறகே நிறுவ வேண்டும்.

பாத் என்பது ஒரு முகவரிப் பட்டியல். ஒரு நிரலின் பெயரைத் தட்டினால் அது எந்த அறையில் இருக்கிறது என்று விண்டோஸ் இந்தப் பட்டியலைப் பார்த்தே தேடுகிறது. பட்டியலில் முகவரி இல்லாவிட்டால், பைதான் வீட்டுக்குள் இருந்தும் விண்டோஸ் அதைக் காணாது. கட்டளைச் சாளரத்தில் பைதான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் கடையின் பக்கம் திறந்துகொள்ளும். 'இப்போதுதானே நிறுவினோம், மறுபடியும் வாங்கச் சொல்கிறதே!' என்று பலர் குழம்பிப்போவது இங்கேதான்.

குறியிட மறந்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அதே நிறுவியை மீண்டும் திறந்து, மாற்றியமை என்பதைத் தேர்ந்தெடுத்து, விடுபட்ட குறியைப் போட்டால் போதும். அதுவரை பைதான் என்று முழுமையாகத் தட்டாமல் அதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளான பி, ஒய் என்பவற்றை மட்டும் தட்டினாலும் பெரும்பாலும் வேலை நடக்கும்.

முதல் கட்டளை

பைதானோடு ஐடில் என்ற சிறிய எழுதுமேடையும் சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் தொடக்கப் பட்டியலில் அதைத் தேடித் திறந்தால் வலப்பக்கம் பார்க்கும் மூன்று கூர்முனைக் குறிகள் தெரியும். கட்டளைக்காகக் காத்திருக்கிறேன் என்பது அதன் பொருள். அங்கே 2+3 என்று தட்டி எண்டர் விசையை அழுத்தினால் 5 என்று விடை வரும். அடுத்து, பிரிண்ட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் தட்டி, அடைப்புக்குறிக்குள் மேற்கோள் குறிகளோடு வணக்கம் என்று தமிழிலேயே எழுதலாம். திரையில் வணக்கம் என்று வரும்.

ஒரு வரி போதாது, பல வரிகளைச் சேமித்து வைக்க வேண்டும் என்றால், ஐடிலில் புதிய கோப்பைத் திறந்து எழுதிச் சேமித்த பிறகு எஃப் 5 விசையை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். கோப்புக்குப் பெயர் வைப்பதில் மட்டும் கவனம் தேவை. பைதானுக்குள் ஏற்கெனவே ரேண்டம், டர்டில் போன்ற பெயர்களில் பயனுள்ள தொகுதிகள் இருக்கின்றன. பிள்ளை தன் கோப்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டால் பைதான் உண்மையான தொகுதியை விட்டுவிட்டுப் பிள்ளையின் கோப்பைத் திறக்கும். நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

சிவப்பு எழுத்தைக் கண்டு அஞ்சலாமா?

தவறு நேர்ந்தால் பைதான் சிவப்பு எழுத்தில் பல வரிகளை அள்ளிக் கொட்டும். பிள்ளைகள் துவண்டுபோகும் இடம் இது. உண்மையில் அது திட்டு அல்ல, உதவி. அதைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். என்ன தவறு என்பது கடைசி வரியில் இருக்கும். எந்த வரியில் தவறு என்ற எண் அதற்குச் சற்று மேலே இருக்கும்.

தொடக்கத்தில் வரும் தவறுகள் பெரும்பாலும் நான்கைந்துதான். பிரிண்ட் என்பதில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டினால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும். வேர்ட் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்து சேரும். பைதானுக்கு நேரான குறிகளே தெரியும். வரியின் முன்னால் விடும் இடைவெளியும் பைதானுக்கு இலக்கணம். ஒரு கட்டளைக்கு உட்பட்ட வரிகளை நான்கு இடம் தள்ளி ஒரே சீராக எழுத வேண்டும்.

பழைய புத்தகங்களாலும் ஒரு சிக்கல் உண்டு. பைதான் 3 வெளிவந்தது 2008இல். அதற்கு முந்திய பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. பழைய நூல்களில் பிரிண்ட் என்பதற்குப் பின் அடைப்புக்குறி இருக்காது. அதை அப்படியே தட்டினால் இன்று ஓடாது. புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுதினேன் என்று பிள்ளை சொன்னால், முதலில் புத்தகம் அச்சான ஆண்டைப் பார்க்க வேண்டும்.

சிவப்பு எழுத்தே வராத தவறும் உண்டு. ஒரு கடைக்கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருள் 12 வெள்ளி, மற்றொன்று 3 வெள்ளி. இரண்டு விலைகளையும் விசைப்பலகை வழியாகக் கேட்டு வாங்கிக் கூட்டும்படி பிள்ளை நிரல் எழுதுகிறது. வரும் விடை 15 அல்ல, 123! கணினிக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. விசைப்பலகையிலிருந்து வருவதையெல்லாம் பைதான் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். சொற்களைக் கூட்டு என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். இது எண் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் 15 வரும். கணினி நாம் நினைத்ததைச் செய்யாது, சொன்னதைச் செய்யும் என்பதைப் பிள்ளை இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துகொள்ளும்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

முதல் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் த, மி, ழ் என்று விரல்விட்டு மூன்று என்று சொல்லும். பைதானைக் கேட்டால்? ஒரு சொல்லின் நீளத்தைச் சொல்லும் லென் என்ற கட்டளையைக் கொடுத்தால் அது ஐந்து என்கிறது. அம்மா என்ற சொல்லுக்கும் ஐந்து என்றே சொல்கிறது.

ஏன் இப்படி? உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறையில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரப்படவில்லை. உயிர் எழுத்துகள், அகர வரிசை உயிர்மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே இடம் உண்டு. மற்ற எழுத்துகள் இவற்றைச் சேர்த்து உருவாகின்றன. மி என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்தது. ழ் என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்தது. பைதான் எழுத்தை எண்ணவில்லை, குறியீடுகளை எண்ணுகிறது. அதன் கணக்கில் பிழை இல்லை. தமிழில் எழுத்து என்றால் எது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் மூன்றெழுத்துச் சொற்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை எழுதினால் அது தவறாகவே ஓடும். அவன் சொல்லித் தந்தால் சரியாக ஓடும். புள்ளியோ துணைக்குறியோ வந்தால் அதை முன்னால் உள்ள எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணு என்பதே அந்தப் பாடம். பத்து வரிக்குள் எழுதிவிடலாம். ஏற்கெனவே ஆர்வலர்கள் எழுதி இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன் தமிழ் என்ற பைதான் தொகுதியும் இந்த வேலையைச் செய்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் இருக்கின்றன. அந்த எழிலும் பைதானைக் கொண்டு எழுதப்பட்டதுதான்.

இந்த மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் இல்லையென்றால் பல வீடுகளில் தமிழ் கணினித் திரைக்கு வந்திருக்காது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி முன்னின்ற தமிழ் இணைய மாநாடு 1997இல் அங்கே நடந்தது. கணினிக்குத் தமிழ் தெரியவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. சொல்லிக் கொடுத்தார்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பெற்றோருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. நிறுவும்போது அந்தச் சிறிய கட்டத்தில் குறியிட்டாயா என்று கேட்டால் போதும். சிவப்பு எழுத்து வரும்போது, கடைசி வரி என்ன சொல்கிறது, வாசித்துக் காட்டு என்றால் போதும். விடையை எடுத்துக் கொடுக்க வேண்டாம். வாசித்துக் காட்டும்போதே பல தவறுகள் பிள்ளையின் கண்ணில் பட்டுவிடும்.

முதல் வாரத்துக்கு மூன்று பயிற்சிகள் போதும். ஒன்று, பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் நிரல். இரண்டு, 7ஆம் வாய்பாட்டை 12 வரை அச்சிடும் நிரல். ரேஞ்ச் என்ற கட்டளையில் 1, 12 என்று எழுதினால் 11இலேயே நின்றுவிடும், 13 என்று எழுத வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். மூன்று, தன் பெயரில் எத்தனை தமிழ் எழுத்து என்று சரியாக எண்ணிச் சொல்லும் நிரல். மூன்றாவதை முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை. முடித்துவிட்ட பிள்ளைக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்காது.