உங்களுக்கு எந்த வருஷத்து இளையராஜா? - ஒரு வீட்டுச் சண்டையும் திருவாதவூரும்

‘இளையராஜா பிடிக்குமா?’ என்று மதுரைப் பக்கம் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ‘இதெல்லாம் ஒரு கேள்வியா?’ என்பதுபோல ஒரு பார்வை வரும். அடுத்து, ‘எந்த வருஷத்து இளையராஜா?’ என்று கேளுங்கள். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

ஒருவருக்கு ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ‘ஜானி’யோடு கதை முடிந்துவிடும். இன்னொருவருக்கு ‘மௌன ராகம்’ முதல் ‘தளபதி’ வரைக்கும். ‘சேது’, ‘அழகி’, ‘பிதாமகன்’தான் உச்சம் என்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் ராஜா ரசிகர்கள். ஆனால், ஒருவர் கொண்டாடும் ராஜாவை இன்னொருவர் காது கொடுத்தே கேட்க மாட்டார்.

இங்கே இந்தச் சண்டைக்குச் சூடு கொஞ்சம் அதிகம். காரணம், ராஜா நம்ம ஊர்க்காரர். 1943-ல் அவர் பிறந்த பண்ணைப்புரம், தொண்ணூறுகளில் தேனி தனி மாவட்டமாகப் பிரியும்வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ‘அவரோட இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கலை’ என்று சொன்னால், சொந்தக்காரரைப் பற்றிப் புறம் பேசியதுபோல முறைப்பார்கள். ஒரு கலைஞனின் ஒரு காலத்தை நேசித்து, இன்னொரு காலத்தை ஒதுக்கினால் அது துரோகமா? இந்தக் கேள்வியை யோசிக்க, மதுரைக்குப் பக்கத்திலேயே பொருத்தமான ஓர் ஊர் இருக்கிறது.

திருவாதவூரில் கேட்காத திருவாசகம்

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், ஒத்தக்கடையில் திரும்பி, திருமோகூரைத் தாண்டினால் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். திருமறைநாதர் கோயிலும், சுற்றிலும் வயல்களுமாக இருக்கும். எங்க அப்பாவுக்குச் சொந்த ஊர் இதுதான்.

2005-ல் இளையராஜா, மாணிக்கவாசகரின் திருவாசகத்தை எடுத்து, ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு ஓர் ஆல்பம் செய்தார். சிவபுராணம், திருக்கோத்தும்பி, அச்சப்பத்து என்று ஆறு பகுதிகளிலிருந்து எடுத்த பாடல்கள். சிவபுராணப் பாட்டு மட்டும் ஏறக்குறைய இருபது நிமிடம். இடையிடையே ஆங்கில வரிகள் வரும். அவற்றை எழுதியவர், அமெரிக்க மேடை இசை நாடகங்களில் பெயர் பெற்ற ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். பெரும்பாலான இடங்களில் ராஜாவே பாடியிருப்பார்.

எனக்கு அந்த ஆல்பம் உயிர். அப்பாவுக்கு ஒட்டவே இல்லை. ஹெட்போன் மாட்டி ஒருமுறை முழுதாகக் கேட்க வைத்தேன். கழற்றிவிட்டு இப்படிச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்குத்தா. ஆனா, நம்ம வீட்டுச் சோத்தை யாரோ தெரியாதவுங்க வீட்டு விருந்துல வச்ச மாதிரி இருக்கு.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. திருவாசகத்தை மோகன ராகத்தில் ஓதுவதுதான் ஓதுவார்களின் மரபு. கோயிலில் அதைக் கேட்டே வளர்ந்த காதுக்கு, அந்தச் சொற்களைக் கேட்டதுமே மோகனம் உள்ளே ஓட ஆரம்பித்துவிடும். அந்த இடத்தில் வயலின்கள் கூட்டமாக எழும்பி, குழுவாகக் குரல்கள் உயர்ந்தால், அது இசையாகத்தான் இருக்கும், திருவாசகமாக இருக்காது. எனக்கு அந்த மோகனம் பழக்கமில்லை. நான் திருவாசகத்தை முதலில் கேட்டதே ராஜா வழியாகத்தான். ஒரே ஆல்பம், எங்கள் வீட்டுக்குள் இரண்டு வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது.

கேசட் காலம் என்றொரு காலம்

எண்பதுகளில் அப்பா மேலூரில் ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், பிடித்த பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுப்பாராம். கூடவே ஒரு காலி கேசட். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். எந்தப் பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாள் கணக்கில் யோசிப்பார். கேசட் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். அப்படிக் காத்திருந்து வாங்கிய பன்னிரண்டு பாட்டுகளும் அவர் வயதோடு சேர்ந்து ஊறிப்போனவை. ‘எண்பதுகளின் ராஜா’ என்று அவர் சொல்லும்போது பாதி ராஜா, மீதி அவருடைய இருபது வயது.

இது அப்பாவுக்கு மட்டும் நடந்ததில்லை. தொண்ணூறுகளில் படித்த என் சித்தப்பாவுக்கு 1992-ல் வந்த ‘ரோஜா’வோடு உலகமே மாறியது. அவருக்கு ரஹ்மான்தான் சொந்த வயது. ராஜா, அண்ணன் அறையிலிருந்து கேட்ட சத்தம்.

மாறியது ராஜா மட்டுமா?

‘ராஜா மாறிட்டார்’ என்று சொல்வது சுலபம். ஆனால், அவரைச் சுற்றி என்னவெல்லாம் மாறின என்று எடுத்து வைத்தால் படம் தெளிவாகும்.

முதலில், உடன் இருந்தவர்கள். ‘நிழல்கள்’ (1980) முதல் ‘புன்னகை மன்னன்’ (1986) வரை வைரமுத்து அவருக்கு எழுதினார். பிறகு பிரிந்தார்கள். ‘பகல் நிலவு’ (1985) முதல் ‘தளபதி’ (1991) வரை மணிரத்னத்தின் தமிழ்ப் படங்களுக்கு ராஜாதான். ‘ரோஜா’விலிருந்து மணிரத்னம் ரஹ்மானிடம் போனார். ‘16 வயதினிலே’யில் ராஜாவோடு தொடங்கிய பாரதிராஜாவும் 1993-ல் ‘கிழக்குச் சீமையிலே’ படத்துக்கு ரஹ்மானை அழைத்தார். நாம் ‘ராஜாவின் பொற்காலம்’ என்று சொல்வதன் முடிவுத் தேதியும், இந்த இயக்குநர்கள் விலகிய தேதியும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். இசைக்கு ஒரு காட்சி வேண்டும், அதைக் கேட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும். பாலு மகேந்திரா மட்டும் ‘மூடுபனி’ (1980) தொடங்கி, தன் கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ வரை ராஜாவை விடவே இல்லை.

அடுத்தது, பாட்டு உருவான விதம். அந்தக் காலத்தில் ராஜா நோட்ஸ் எழுதிக் கொடுக்க, கலைஞர்கள் ஸ்டுடியோவில் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். சதானந்தத்தின் கிதார், சசிதரனின் பாஸ் கிதார், நெப்போலியன் என்ற அருண்மொழியின் புல்லாங்குழல், விஜி மேனுவலின் கீபோர்டு, புருஷோத்தமனின் டிரம்ஸ்... நம் காதில் ‘எண்பதுகளின் சத்தம்’ என்று பதிந்திருப்பது இவர்கள் சேர்ந்து மூச்சுவிட்ட சத்தமும்தான். பிறகு ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் முறை பரவியது. கணினியும் கீபோர்டும் பல கருவிகளின் இடத்தை எடுத்துக்கொண்டன. தொண்ணூறுகளின் நடுவில் வந்த பல கிராமத்துப் படப் பாடல்களை என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க முடியாததற்கு அந்தக் கீபோர்டு சத்தம் ஒரு காரணம். ஆமாம், எனக்கும் ஒதுக்கி வைக்கும் ஒரு ராஜா காலம் உண்டு.

கேசட்டில் வராத ராஜா

தேசிய விருதுப் பட்டியலில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. ராஜாவுக்கு ஐந்து விருதுகள். ‘சாகர சங்கமம்’, ‘சிந்து பைரவி’, ‘ருத்ரவீணா’ மூன்றும் எண்பதுகளின் படங்கள், மூன்றும் இசையமைப்புக்கு. ‘பழசிராஜா’ (2009), ‘தாரை தப்பட்டை’ (2016) இரண்டுக்கும் கிடைத்தது பின்னணி இசைக்கு. பின்னணி இசைக்கெனத் தனி விருது பின்னால்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும், பிந்தைய ராஜாவைத் தேடுகிறவர்கள் எங்கே தேட வேண்டும் என்று அந்தப் பட்டியல் காட்டுகிறது.

‘ஹே ராம்’ (2000) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் இசைக்குப் படமாக்கிவிட்ட பாடல் காட்சிகளுக்கு, உதட்டசைவு மாறாமல் புது மெட்டுப் போட்டார் ராஜா. ‘நந்தலாலா’வில் (2010) வசனம் குறைந்த இடங்களிலெல்லாம் இசைதான் கதை சொல்லும். இவை கேசட்டில் அடங்குகிற வேலை இல்லை. பாட்டுகளை மட்டும் எண்ணிப் பார்க்கிறவருக்கு இந்த ராஜா கண்ணிலேயே பட மாட்டார்.

இன்னொரு கணக்கு. 1976-ல் ‘அன்னக்கிளி’. 2016-ல் வந்த ‘தாரை தப்பட்டை’யை அவருடைய ஆயிரமாவது படம் என்று அறிவித்தார்கள். நாற்பது வருடத்தில் ஆயிரம் என்றால், சராசரியாக வருடத்துக்கு இருபத்தைந்து; மாதத்துக்கு இரண்டு படம். எண்பதுகளிலும் இதில் சுமாரான பாட்டுகள் இருந்தன. அவற்றை நாற்பது வருடம் சுளகில் போட்டுப் புடைத்து, உமியைத் தள்ளி, அரிசியை மட்டும் நாம் வைத்திருக்கிறோம். புதிய பாட்டு உமியோடு வருகிறது. புடைத்த அரிசியையும் புடைக்காத நெல்லையும் பக்கத்தில் வைத்து ‘அந்தக் காலம் மாதிரி வருமா?’ என்று கேட்டால் பதில் முன்பே முடிவாகிவிட்டது.

உலகமெங்கும் இதே சண்டை

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன், 1965-ல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் எலெக்ட்ரிக் கிதாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒருவர் அவரைப் பார்த்து ‘யூதாஸ்’ என்றே கத்தினார். 1979-ல் அவர் கிறிஸ்தவ பக்தி ஆல்பம் போட்டபோது இன்னொரு கூட்டம் விலகியது. அன்று துரோகம் என்று தோன்றிய அந்த எலெக்ட்ரிக் பாட்டுகளைத்தான் இன்று பலர் டிலனின் உச்சம் என்கிறார்கள். பக்திப் பாடல் காலத்தை இன்னமும் பலர் தொடுவதில்லை. இரண்டுமே நடக்கலாம். காலம் எல்லாவற்றையும் உயர்த்திவிடுவதும் இல்லை.

பிடிக்காததைச் சொல்லும் உரிமை

ஒரு கலைஞன் செய்தது எல்லாமே பிரமாதம் என்று சொல்கிற ரசிகர் பெயரைக் கேட்டுத் தலையாட்டுகிறார். இது பிடிக்கிறது, இது பிடிக்கவில்லை என்று பிரிக்கிறவர்தான் பாட்டைக் கேட்டிருக்கிறார். அப்பா அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டு, ஏன் ஒட்டவில்லை என்று காரணமும் சொன்னார். ராஜாவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

ஆனால், ‘எனக்குப் பிடிக்கலை’ என்பதற்கும் ‘அவரு அப்பவே நிறுத்தியிருக்கணும்’ என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. முதலாவது நம் காதைப் பற்றியது. இரண்டாவது, அவர் வாழ்க்கைக்கு நாம் தேதி குறிப்பது. 1993-ல் லண்டனின் ராயல் பில்ஹார்மானிக் குழுவோடு ராஜா செய்த சிம்பொனி வெளியாகவே இல்லை. 2025 மார்ச் 8 அன்று, எண்பது வயதைத் தாண்டியபின், அதே குழு வாசிக்க ‘வேலியன்ட்’ சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார். 1991-ல் அவர் நின்றிருந்தால் அந்த மாலை இல்லை. அந்தச் செய்தியைப் போனில் அப்பா மூன்று முறை பார்த்தார். “நம்மாளு போயி நிக்கிறாரு பாருத்தா” என்றார். அன்று ராத்திரி அவர் போட்டுக் கேட்டது என்னவோ ‘ஜானி’தான்.

மாணிக்கவாசகரையே பாருங்கள். திருவாசகம் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அவர் பெயரில் வழங்கும் இன்னொரு நூலான திருக்கோவையாரைப் புரட்டியிருக்கிறோம்? நானூறு பாடல்கள், அகத்துறையில் அமைந்த காதல் நூல். ஒன்றைக் கோயில்தோறும் பாடுகிறோம். மற்றதைப் படிக்கிறவர்கள் குறைவு. ஆனாலும், முன்னோர் அதை விலக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே எட்டாம் திருமுறை என்று வகுத்து வைத்தார்கள். படிக்க வேண்டியவர் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்?

இன்று சாயங்காலம் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘உங்களுக்கு எந்த வருஷத்து ராஜா?’ என்று. பதில் எதுவானாலும், அந்த வருஷத்தில் அவர்களுக்கு என்ன வயது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.