அவுட்போர்டு இன்ஜின் ஸ்டாண்ட்: வாங்கலாமா, வெல்டிங் பட்டறையில் செய்யலாமா?

காசிமேடு, எண்ணூர் ஃபைபர் படகுகளில் இன்ஜின் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ‘மணல்லயே படுக்க வெச்சா போதாதா?’ போதாது. அடிப்பகுதி உயர்ந்திருந்தால், உள்ளே தங்கிய கடல்நீர் சிலிண்டருக்குள் இறங்கித் துருப்பிடிக்கலாம்.

10 குதிரைத்திறன் இன்ஜினே சுமார் 40 கிலோ வரும். ஸ்டாண்டின் கால்கள் அகலமாக விரிந்திருக்க வேண்டும். கிளாம்ப் கடிக்க, தடித்த மரப்பலகை தேவை. லாங் ஷாஃப்ட் 20 அங்குலம் என்பார்கள். ஆனால் புரொப்பல்லர் அதற்கும் கீழே தொங்கும். அடிநுனி வரை அளந்து உயரம் வையுங்கள்.

சிமெண்ட் தரை என்றால் கடையில் கிடைக்கும் சக்கர ஸ்டாண்ட் வசதி. மணலில் சக்கரம் புதையும். அங்கே பட்டறையில் செய்த கால் ஸ்டாண்டே மேல்.

ஸ்டாண்டில் ஏற்றிய இன்ஜினைத் தண்ணீரில்லாமல் ஓட்டாதீர்கள், இம்பெல்லர் கருகிடும். அடிப்பகுதியை நல்ல தண்ணீர் டிரம்மில் முக்கி ஓட்டினால், உப்பும் கழுவப்படும்.