‘காணொளி இல்லை’ என்று கருவி சொன்னால்

2009 மே மாதக் காணொளிகளைத் தேடி ஒழுங்குபடுத்த, செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றை அமைத்தேன். யூரியூப்பில் தேடும் கருவிக்கு நான் எழுதிய விளக்கம் ஒரே வரி: ‘காணொளிகளைத் தேடும்.’ பழைய இணைப்பொன்றைக் கொடுத்தேன். கருவி வெற்றுப் பட்டியலைத் தந்தது. முகவரோ, ‘அப்படியொரு காணொளி இல்லை’ என்று எழுதியது. நான் பார்த்த காணொளி அது. பின்னர் நீக்கப்பட்டிருந்தது.

கருவியின் உட்புறம் முகவருக்குத் தெரியாது. விளக்கத்தை வாசித்தே அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவதென்று தீர்மானிக்கிறது. நாம் சொல்லாததை அது ஊகிக்கும்.

ஆகவே மூன்று விடயங்களைச் சேர்த்தேன்.

உள்ளீடு: 11 எழுத்துருக்கள் கொண்ட காணொளி அடையாளம் அல்லது தேடற்சொல். ஊர்ப்பெயரெனில் தமிழிலும், ஆங்கிலத்தில் வழங்கும் எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் தேடு. முள்ளிவாய்க்காலுக்கே பல உண்டு.

திகதி: கருவி தருவது பதிவேற்றிய திகதி. சம்பவத் திகதியாக அதைக் கொள்ளாதே.

வெற்று விடை: காணொளி நீக்கப்பட்டோ மறைக்கப்பட்டோ இருக்கலாம். ‘பெறமுடியவில்லை’ என்று எழுது. ‘இல்லை’ என்று எழுதாதே.

2017 இல் யூரியூப்பின் தானியங்கி முறை, சிரியப் போரைப் பதிவுசெய்த காணொளிகள் பலவற்றைத் தீவிரவாத உள்ளடக்கமெனக் கருதி நீக்கியது. நீக்கப்பட்டது வேறு, நடக்காதது வேறு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு இது புரியும். இயந்திரத்துக்கு எழுதித்தான் கொடுக்கவேண்டும்.

உங்களிடம் இருப்பது இணைப்பு மட்டுமெனில், காணொளிக் கோப்பையும் இன்றே சேமித்து வையுங்கள்.