பேரிஜம் ஏரி: படகு சவாரி இல்ல, குளிக்கவும் கூடாது... ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

கொடைக்கானலுக்கு டூர் பிளான் போடும்போது பலரும் லிஸ்ட்டில் சேர்க்கும் இடம் பேரிஜம் ஏரி. நகரில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், நாலாபக்கமும் காடு சூழ்ந்து அமைதியாகக் கிடக்கும் நன்னீர் ஏரி. ஆனா அங்க போய் இறங்கினதும் பலருக்கும் ஏமாற்றம். போட்டிங் உண்டா? கிடையாது. குளிக்கலாமா? கூடாது. இஷ்டத்துக்கு கார் எடுத்துட்டு போகலாமா? வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது.

அப்படி என்னதான் காரணம்? பார்க்கலாம்.

கொடைக்கானல் ஏரியில படகு ஓடுதே, இங்க ஏன் ஓடல?

ரெண்டு ஏரியும் மனிதர் உருவாக்கியவைதான். ஆனால் நோக்கம் வேறு. நகரின் நடுவில் நட்சத்திர வடிவில் இருக்கும் கொடைக்கானல் ஏரி, 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியில் உருவானது. 1890-ல் அங்கே படகுக் குழாமும் வந்துவிட்டது. பொழுதுபோக்கு அந்த ஏரியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பேரிஜம் கதை வேற. சதுப்பு நிலமாக இருந்த இடத்தில் அணை கட்டித் தேக்கிய நீர்த்தேக்கம் இது. மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில் இருக்கும் பெரியகுளத்தின் குடிநீர் ஆதாரங்களில் இதுவும் ஒன்று. அதாவது, ஏரி இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் பக்கத்து மாவட்டத்தில். நாம கால் நனைக்க ஆசைப்படும் தண்ணீர், கீழே ஒரு வீட்டுக் குழாயில் வரப்போகும் தண்ணீர்.

காடு எதுக்கு அவ்வளவு முக்கியம்?

கடல் மட்டத்தில் இருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள பகுதி இது. இங்குள்ள சோலைக்காடுகளும் புல்வெளிகளும் ஸ்பாஞ்ச் மாதிரி வேலை செய்கின்றன. பெய்யும் மழையை மண்ணுக்குள் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. அந்த ஓடைகள்தான் ஏரியை நிரப்புகின்றன. காட்டுக்குள் கண்ட இடத்தில் வண்டி ஏறினால், மண் இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது; மண்ணை அரித்துக்கொண்டு நேராக ஏரிக்குள் ஓடும்.

ஒரு சோப்பு, ஒரு பாட்டில்... என்ன ஆகிடப் போகுது?

ஒருத்தர் செய்தால் பெரிதாகத் தெரியாது. சீசனில் வரும் எல்லோரும் செய்தால்? பல சலவைப் பொருட்களில் இருக்கும் பாஸ்பேட், பாசிக்கு உரம் மாதிரி. பாசி பெருகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், துர்நாற்றம் வரும், சுத்திகரிக்கும் செலவும் கூடும்.

சாப்பாட்டுப் பொட்டலம் இன்னும் ஆபத்து. உப்பும் எண்ணெயும் ஒட்டிய பிளாஸ்டிக் கவரை விலங்குகள் அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும்.

திடீர் திடீர்னு ஏன் மூடுறாங்க?

யானைகள்தான் முக்கியக் காரணம். இது வனவிலங்கு சரணாலயப் பகுதி. யானைக்கும் காட்டெருமைக்கும் இந்த ஏரி தண்ணீர்த் தொட்டி. ஏரிப் பகுதியில் யானைகள் முகாமிட்டால், சுற்றுலாப் பயணிகளுக்கு வனத்துறை தற்காலிகத் தடை போடும். அவை நகர்ந்த பிறகுதான் திறப்பார்கள். முந்தின நாள் நண்பர் போய்ட்டு வந்தாரே என்று கிளம்பினால், செக்போஸ்ட்டில் திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்று, தண்ணீர் குளிர்ச்சி அதிகம், கரையோரம் சேறு. நீச்சல் தெரிந்தவருக்கே சேற்றில் கால் சிக்கினால் மீள்வது கஷ்டம். பக்கத்தில் ஆஸ்பத்திரியும் கிடையாது.

அப்போ அங்க போய் என்னதான் பண்றது?

பார்க்கலாம், கேட்கலாம், அனுமதித்த இடத்தில் நடக்கலாம். காலையில் ஏரி மேல் பனிமூட்டம் விலகுவதைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். பேச்சுச் சத்தம் அடங்கினால் பறவைச் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கரில் பாட்டு போட்டால் இது எதுவும் கிடைக்காது.

கிளம்புறதுக்கு முன்னாடி இதை கவனிங்க

* இ-பாஸ் வேறு, பேரிஜம் அனுமதி வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அது கையில் இருந்தாலும் பேரிஜம் செல்ல வனத்துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.
* பகல் நேரத்தில் மட்டுமே அனுமதி. அன்றைய நேரத்தையும், ஏரி திறந்திருக்கிறதா என்பதையும் வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.
* வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்க. குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பையும் இருக்கட்டும்.
* வழியில் காட்டெருமை நின்றால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஹாரன், செல்ஃபி ரெண்டும் வேண்டாம்.
* குழந்தைகளுக்குப் படகு சவாரிதான் வேணும்னா, கொடைக்கானல் ஏரிக்கே கூட்டிட்டு போங்க.

பேரிஜத்தில் அனுமதி கிடைக்காத நாளில் கோபம் வருவது சகஜம்தான். ஆனால் அன்று யானைக் குட்டி ஒன்று பயமில்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கலாம். இன்னொரு நாள் போய்க்கலாம்.