தெருவோடு பதிந்த தண்டவாளம்

ரெங்கம் புகைவண்டி நிலையத்தில் நாம் காணும் தண்டவாளம், சல்லிமேல் கிடத்திய சிலிப்பர் கட்டைகளின்மீது தரைக்கு மேலே நிற்பது. அப்பாதை புகைவண்டிக்கே உரியது. நகரத் தெருவில் ஓடும் டிராமுக்கு அந்த உரிமை இல்லை. மோட்டாரும் மிதிவண்டியும் நடப்போரும் செல்லும் தெருவிலேயே அதுவும் செல்ல வேண்டும். ஆதலின் அதன் தண்டவாளம் தெருமட்டத்துக்குமேல் எழலாகாது.

இதற்கென்றே தலையில் பள்ளம் ஓடிய தண்டவாளம் செய்யப்படுகிறது. சக்கரத்தின் உள்விளிம்பு அப்பள்ளத்துள் ஓடும். அதில் மண்ணும் மழைநீரும் தங்குமாகையால், ஆங்காங்கே வடிகால் வாய் வைத்து நீரைச் சாக்கடைக்கு இறக்குவர். மிதிவண்டிக்காரர் இப்பள்ளத்தைக் குறுக்கே கடக்கலாமேயன்றி, அதனையொட்டிச் செல்வது ஆபத்து.

பாதை போடுமுன் தெருவைத் தோண்டி, அடியில் கிடக்கும் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி ஆகியவற்றை ஒதுக்க வேண்டும். தண்டவாளம் போடுவதைவிட இதுவே பல நகரங்களில் பெருந்தொல்லை. பின்னர்க் கான்கிரீட் தளம் அமைத்து, இரு தண்டவாளங்களையும் இடைவெளி மாறாதபடி இரும்புச் சட்டங்களால் பிணைத்து, மட்டம் பார்த்து, சுற்றிலும் நிரப்பி மேற்பூச்சு இடுவர். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டால், சக்கரம் தட்டித் தட்டித் தெருவே உடையும். ஆகவே முனைகளை உருக்கி ஒட்டுவர். அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்சைடையும் எரித்து ஒட்டும் முறை, 1899இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகர டிராம் பாதையில் கையாளப்பட்டது. வெயிலில் தண்டவாளம் நெளியாதோ எனலாம். சுற்றியுள்ள தெருவே அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

மின்சாரம் வேறொரு சிக்கல். வண்டியை இயக்கிய மின்னோட்டம் தண்டவாளம் வழியே திரும்புகையில், மண்ணுள் கசிந்து குழாய்களை அரிக்கும். அதனால் இக்காலத்தில் தண்டவாளத்துக்கு ரப்பர் உறை இடுகின்றனர், ஓசையும் அடங்குகிறது. சென்னையில் 1895இல் டிராம் தொடங்கியபோது, மின்சாரத்தைத் தெருவுக்கடியிலுள்ள கால்வாய் வழியே கொடுத்துப் பார்த்தனர். பருவமழை அதனைக் கெடுத்தது. பிறகே கம்பிகள் மேலே ஏறின. அந்த டிராம் 1953இல் நின்றது.

தண்டவாளம் தெருவோடு ஒன்றியதில் ஒரு நியாயக்கேடும் இருந்தது. பிரிட்டனின் 1870ஆம் ஆண்டு டிராம் சட்டப்படி, தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தெருவையும், வெளியே இருபுறமும் 18 அங்குலத்தையும் டிராம் நடத்துவோரே செப்பனிட வேண்டும். பிற்காலத்தில் அதே பரப்பில் பஸ் ஓடியது. பஸ்காரருக்கு அப்பொறுப்பு இல்லை. டிராம் வீழ்ந்ததற்கு அதன் பழைமையை மட்டும் காரணம் சொல்வது பொருந்தாது.

சிங்கப்பூரில் மின்டிராம் 1905 முதல் 1927 வரையும், பினாங்கில் 1906 முதல் 1936 வரையும் ஓடியது. பெயர்த்தெடுப்பது செலவு, மூடிவிடுவது எளிது. பினாங்கு சாலையும் சூலியா தெருவும் கூடுமிடத்தில், அப்படி மூடப்பட்ட தண்டவாளம் 2004இல் மீண்டும் வெளிப்பட்டது.