பட்டறை அவர்களுடையது, பழுது உங்களுடையது

2009 செப்டம்பர் 25 அன்று ஹைதராபாத்தில் ஒரு நிறுவனம் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் கார் ஒன்றை வாங்கியது. நான்கே நாட்களில், 29-ம் தேதி, ஓட்டிக்கொண்டிருந்தபோதே பெரிய கோளாறு தெரிந்தது. வண்டி பட்டறைக்குப் போய்த் திரும்பியது. நவம்பர் 13-ல் மறுபடியும் அதே மாதிரித் தொல்லை. அடுத்த மூன்றாம் நாள் போலீஸில் புகார் கொடுத்து, ஏமாற்றுப் பிரிவுகளில் வழக்கும் பதிவானது.

வழக்கு 2012 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தது. ஏமாற்றிய குற்றம் நிரூபணமாகவில்லை என்று வழக்கையே ரத்து செய்த நீதிமன்றம், பழைய காரை வாங்கிக்கொண்டு புத்தம் புதுக் கார் கொடுக்கும்படி தயாரிப்பு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிறுவனம் அதை எதிர்க்கவில்லை. ‘பழையதைத் திருப்பித் தாருங்கள், புதியது தருகிறோம்’ என்று கடிதமும் எழுதியது. வாங்கியவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது கார் அல்ல, வட்டியோடு பணம். விவகாரம் டெல்லிக்குப் போனது. 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம், குற்றவியல் வழக்கை ரத்து செய்துவிட்டு மாற்றுக் கார் கொடுக்கச் சொன்னது முறையல்ல என்றது. அதே சமயம், தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, எல்லாக் கணக்கையும் தீர்க்கும் தொகையாக 50 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது.

நான்கு நாளில் தெரிந்த குறை, தீர ஏறத்தாழ 15 ஆண்டு. இதில் வாங்கியவர்களின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. 2012-ல் கிடைத்த புதுக் காரை எடுத்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் இரண்டரை ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு அதே ஷோரூமிலிருந்து அதே மாடலை எடுத்துக்கொள் என்றால் எத்தனை பேருக்கு மனம் வரும்?

இந்த இழுபறிக்கு அடிப்படைக் காரணம் ஒன்று. புதுக் கார் இத்தனை நாளுக்குள் இத்தனை முறை பழுதானால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எண் போட்டுச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே ‘லெமன் லா’ என்ற பெயரில் அப்படியொரு சட்டம் போட்டது: ஒரே குறைக்கு நான்கு முறை ரிப்பேர், அல்லது மொத்தம் 30 நாள் பட்டறைவாசம் ஆகியும் சரியாகவில்லை என்றால் வண்டியைத் திருப்பலாம். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டம் இன்னும் எளிது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு.

நம் ஊரில் அது வாங்கியவர் பாடு. இருப்பது ‘உற்பத்திக் குறைபாடு’ என்று அவர்தான் காட்ட வேண்டும். மாருதி கார் ஒன்றின் கிளட்ச் தகராறில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் ஒவ்வொரு கார் வழக்கிலும் எடுத்துக் காட்டப்படுகிறது: வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்கான வாக்குறுதி, காரையே மாற்றித் தருவதற்கானது அல்ல. ஆகவே டீலரின் வக்கீலுக்கு வேலை சுலபம். கியர்பாக்ஸ் போனதா, மாற்றினோம். சென்சார் போனதா, மாற்றினோம். கார் முழுவதுமே கோளாறு என்று எங்கே எழுதியிருக்கிறது?

எங்கே எழுதியிருக்கும்? எழுதும் பேனா அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது. சொகுசுக் கார் விஷயத்தில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். மாருதியோ ஹூண்டாயோ என்றால் தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். ஒரு கோடி ரூபாய் காரை வெளியாள் தொட்டாலே வாரண்டி போய்விடும் என்ற பயம். அந்த வண்டியின் கணினியோடு முழுமையாகப் பேசும் கருவி டீலரின் பட்டறையில்தான் இருக்கும். குறையைப் பார்ப்பவர், பதிவு செய்பவர், சரியாகிவிட்டது என்று சான்று தருபவர் எல்லாம் ஒரே ஆள். நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பில் நிற்கப்போவதும் அவர்தான்.

அந்தப் பட்டறை உலகத்துக்கென்று ஒரு பாஷை உண்டு. “ஓட்டிப் பார்த்தோம், பிராப்ளம் வரலை சார்.” “எல்லா வண்டியிலயும் இப்படித்தான் இருக்கும், மாடலோட கேரக்டர்.” “சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கோம், ஒரு வாரம் ஓட்டிட்டுச் சொல்லுங்க.” கடைசியாக, எதற்கும் மசியாத வாடிக்கையாளருக்கு, “பெட்ரோல் எந்த பங்க்ல போடுறீங்க?” ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். இன்றைய கார்களில் பல கோளாறுகள் வந்து மறைபவை. காலையில் மினுங்கிய எச்சரிக்கை விளக்கு, வண்டி பட்டறைக்குள் நுழையும்போது அணைந்திருக்கும்.

எனவே பேச்சைவிடக் காகிதத்தைக் கவனிக்க வேண்டும். வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் போடும் ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. ‘80 கி.மீ. வேகத்தில் போகும்போது என்ஜின் விசை திடீரெனக் குறைகிறது’ என்று நடந்ததை நடந்தபடி எழுதவைக்க வேண்டும். ஓடிய கிலோமீட்டர் அதில் பதிவாக வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியும்போதே ஓடோமீட்டரும் தெரியும்படி பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுத்துவிட்டால் நல்லது. வண்டியை எடுக்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள்: திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். கேட் பாஸ் வேண்டுமென்ற அவசரத்தில் எல்லாரும் கையெழுத்திடும் இந்த ஒரு வரி, பின்னாளில் வழக்கின் முதுகெலும்பை முறிக்கும். ‘குறை தீர்ந்ததா என்று தெரியாத நிலையில், ஆட்சேபணையுடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுவதை யாரும் தடுக்க முடியாது. முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். அன்று மாலையே நடந்ததை எல்லாம் சேர்த்து டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சல்.

வண்டியை எடுக்கவே மாட்டேன் என்று பட்டறையில் விட்டுவிடலாமா? விடலாம். ஆனால் நாள் வாடகை கேட்டு டீலர் கடிதம் அனுப்புவார். எடுத்து ஓட்டினாலோ, ‘இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி எப்படிக் குறையுள்ள வண்டி?’ என்று அதே ஓடோமீட்டர் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இதற்கிடையில் வங்கித் தவணையை நிறுத்தினால் அடிபடுவது உங்கள் சிபில் மதிப்பெண். உங்களுக்கும் கார் விற்றவருக்கும் நடக்கும் சண்டையில் கடன் கொடுத்த வங்கிக்குச் சம்பந்தமில்லை.

சட்டம் இந்த ஏற்றத்தாழ்வை அறியாததல்ல. பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டும். வழக்குப் போட்ட கையோடு இதைக் கேட்பவர்கள் குறைவு. பல வழக்குகள் ‘நிபுணர் அறிக்கை இல்லை’ என்ற ஒற்றைக் காரணத்தால் மேல்முறையீட்டில் சாய்ந்திருக்கின்றன. விதிவிலக்காக 2022-ல் ஒரு ஹூண்டாய் கார் வழக்கு வந்தது. மோதலில் ஏர்பேக் விரியவில்லை. வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் என்ன இயற்பியல் நிபுணரா என்ற போக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது. விரியாததே குறைக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டது. ஏர்பேக்குக்குச் சொன்னதை, விட்டு விட்டு வரும் கியர்பாக்ஸ் உதறலுக்கு நீட்ட முடியுமா என்பது வக்கீலின் சாமர்த்தியம்.

சட்டத்தை நம்பாமல் கேமராவை நம்பிய ஒருவரின் கதை சீனாவில் நடந்தது. ஷியான் நகரில் ஒரு பெண் 6,60,000 யுவான் கொடுத்து மெர்சிடிஸ் பென்ஸ் சி.எல்.எஸ். 300 வாங்கினார். 2019 மார்ச் 27-ல் கைக்கு வந்த கார், ஷோரூமை விட்டுச் சரியாக வெளியேறும் முன்பே என்ஜின் ஆயிலைக் கசியவிட்டது. முதலில் பணம் திருப்பித் தருவதாகப் பேச்சு. பிறகு வேறு கார். இரண்டு வாரத்தில் அது, விதிப்படி என்ஜினை மட்டும் மாற்றித் தர முடியும் என்று சுருங்கிவிட்டது. அந்தப் பெண் ஷோரூமுக்குப் போய், காட்சிக்கு நிறுத்தியிருந்த காரின் பானெட் மேல் ஏறி உட்கார்ந்து அழுதபடியே நியாயம் கேட்டார். ஏப்ரல் 11-ல் அந்த வீடியோ நாடு முழுவதும் பரவியது. 16-ம் தேதி சமரசம்: அதே மாடலில் புதுக் கார், கூடவே வாங்கியிருந்த ‘நிதிச் சேவைக் கட்டணம்’ வாபஸ். ரசீது இல்லாமல் தனிநபர் கணக்குக்கு வசூலான அந்தக் கட்டணம் தனி விசாரணையைக் கிளப்பியது. மே மாத இறுதியில் டீலருக்குப் பத்து லட்சம் யுவான் அபராதம்.

நம் நாட்டிலும் முயன்றிருக்கிறார்கள். 2019 டிசம்பரில் உதய்பூரில் ஒருவர் தன் புது எஸ்.யூ.வி.யைக் கழுதை பூட்டி இழுக்கவைத்தார். நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுப்பதாகத்தான் பதில் சொன்னது. வீடியோ போடுவதில் தப்பில்லை. ஆனால் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். ‘திருடர்கள்’ என்று ஒரு சொல் விழுந்துவிட்டால், வழக்கின் வாதியாக இருந்தவர் அவதூறு வழக்கில் பிரதிவாதி ஆகிவிடுவார்.

ஷியான் பெண்ணின் அழுகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பிறகு வந்த விதி. 2022 ஜனவரி முதல் சீனாவில், கார் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் என்ஜின், கியர்பாக்ஸ் போன்ற முக்கியப் பாகத்தையே மாற்ற வேண்டி வந்தால், புதுக் காரா பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. ‘ஏழு நாள்’ என்று எண் இருக்கும் இடத்தில் யாரும் பானெட் மேல் ஏற வேண்டியதில்லை.

எண் போட்ட விதி இங்கே வரும்வரை, பதிவுக்கு முந்தைய நாள்தான் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும் ஒரே நாள். பதிவெண் விழாத, முழுப்பணம் போகாத காரை ‘வேண்டாம், வேறு கொடுங்கள்’ என்று சொல்ல நிபுணர் அறிக்கை வேண்டாம். பட்டுத்துணி மூடி, கேக் வெட்டி, பெரிய அட்டைச் சாவியோடு படம் எடுக்கும் நாளில் அல்ல, யார்டில் தூசியோடு நிற்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். பெயின்ட் தடிமன் அளக்கும் சிறு மீட்டர் கொண்டு போவதும் மிகையில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் 1990-ல் ஒரு டாக்டர் வாங்கிய பி.எம்.டபிள்யூ 535i கார், வரும் வழியில் அமில மழையில் கெட்டு, 601 டாலர் செலவில் மறுவண்ணம் பூசப்பட்டது. விலையில் மூன்று சதவீதத்துக்குள் அடங்கும் ரிப்பேரைச் சொல்வதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. ஒன்பது மாதம் கழித்து, பாலிஷ் போட்ட கடைக்காரர் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. ஜூரி 40 லட்சம் டாலர் தண்டத்தொகை விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாகக் குறைத்தது. 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் மிதமிஞ்சியது என்றது. கடைசியில் 50,000 டாலரில் நின்றது.

யார்மேல் வழக்கு? டீலர், தயாரிப்பாளர் இருவர்மேலும், யார் என்ன செய்தார் என்று பிரித்து எழுதி. 2009-ல் தயாரான காரை 2011 மாடல் என்று டீலர் விற்ற கோவா வழக்கில், டீலரின் தில்லுமுல்லு தனக்குத் தெரிந்திருந்தாலொழியத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸை விடுவித்தது. விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். இரண்டு நிமிட வேலை. காரை உங்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தால் ‘வணிக நோக்கம், ஆகவே நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்பார்கள். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு நிறுவனம் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸில், தரையின் நடுமேடு அளவுமீறிச் சூடேறிய வழக்கில், அந்த வாதம் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தேசிய நுகர்வோர் ஆணையம் அதில் தீர்ப்புச் சொன்ன ஆண்டு 2007.

இப்போது வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பது பெரிய சலுகை. சொகுசுக் காருக்கு அது பாதிதான் பொருந்தும். மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம். அதற்கு மேல் இரண்டு கோடி வரை சென்னையில் மாநில ஆணையம் அல்லது அதன் மதுரை அமர்வு. அதற்கும் மேல் டெல்லி. 50 லட்சத்துக்கு மேல் ஒரு கோடி வரையிலான காருக்குப் புகார்க் கட்டணம் 2,000 ரூபாய். காலக்கெடு இரண்டு ஆண்டு. ‘பார்ப்போம் சார், பார்ப்போம் சார்’ என்ற பேச்சிலேயே அது கரைந்துவிடும்.

நோட்டீஸ் போன பிறகு பெரும்பாலும் ஒரு சமரச அழைப்பு வரும்: பழைய காரைத் தேய்மானம் கழித்து எடுத்துக்கொள்கிறோம், மேல் மாடல் ஒன்றைச் சலுகை விலையில் தருகிறோம். கேட்க நன்றாக இருக்கும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 20 சதவீதம். 80 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் 16 லட்சம். மாற்றுக் காருக்கு அதைப் புதிதாகக் கட்ட வேண்டிவரும். முதல் காருக்குக் கட்டிய வரி, இன்சூரன்ஸ், கடனை முன்கூட்டி முடிக்கும் அபராதம் எல்லாம் யார் கணக்கில் என்பதை டீலர் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே பழைய சாவியைக் கொடுக்க வேண்டும்.