மேலேறும் அச்சு

கான்கிரீட் ஊற்றுமுன் ‘சென்ட்ரிங்’ அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வானளாவிய கட்டடத்துக்குத் தரையிலிருந்தே முட்டுக் கொடுக்க முடியுமா? ஆகவே, கீழே இறுகிய சுவரையே பற்றிக்கொண்டு, அச்சு அடுக்கடுக்காக மேலேறுகிறது. அச்சு, சாரம், ஆட்கள் ஆகிய அத்தனை பளுவும் அந்த இளஞ்சுவரின் மேல்தான்!

கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமென்ட்டும் நீரும் வேதிவினை புரிவதால் இறுகுகிறது. குளிரில் அவ்வினை மந்தமாகும்.

1978 ஏப்ரல் 27 அன்று, அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வில்லோ ஐலண்டில், அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர் எழும்பியிருந்தது. முந்திய நாள் ஊற்றிய கான்கிரீட் பளு தாங்காமல் பெயர்ந்தது. சாரத்தோடு விழுந்து 51 தொழிலாளர்கள் மாண்டனர். கான்கிரீட் போதிய வலிமை பெறவில்லை என்று ஆய்வு கண்டது.

எனவே, அச்சை எப்போது உயர்த்தலாம் என்பதைக் கடிகாரம் சொல்லாது. கான்கிரீட்டின் வலிமையைச் சோதித்தே அறிய வேண்டும்.